கடைசி இடம்

பேஸ்பால் சீசனுக்கு இன்னும் ஒரு வாரம். "இந்த வருஷம் நம்ம ஊர் அணிக்குக் கடைசி இடம்தான்" என்று பத்திரிகையில் எழுதிய விமர்சகர் பிக்ஸ்பி, மறுநாளே அரிசோனாவில் அந்த அணி நடத்தும் பயிற்சி முகாமுக்குப் போய் நின்றார்.

வீரர்கள் எல்லோரும் பார்க்க, அணி மேனேஜர் கல்லகன் கட்டுரையை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். "மட்டையைப் பிடிக்கத் தெரியுமாய்யா உனக்கு? வெளியே போ!"

வீரர்கள் கைதட்டினார்கள். ஒருவன் கட்டுரையை உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டினான். அப்புறம் மட்டைகள் வெறியோடு சுழன்றன.

பிக்ஸ்பி காருக்கு வந்தார். பின்னாலேயே ஓடிவந்தார் கல்லகன்.

"என்னய்யா, இப்படிக் கெடுத்துட்டே?"

"நீ சொன்ன மாதிரி கடைசி இடம்னுதானே எழுதினேன்?"

"அது சரி, பந்து பிடிக்கிற கேட்சரை மட்டும் எதுக்குப் புகழ்ந்தே? காலையிலேருந்து கண்ணாடி முன்னாடியே நிக்கிறான். நாளைக்கு அவனையும் சேர்த்துத் திட்டி எழுது!"