கன்ட்ரோல் குரூப்

ரத்தப் பரிசோதனை முடிவை மறுபடியும் படித்துவிட்டு, ஆராய்ச்சி டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்த தம்பதியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“பார்டர்ல இருந்த சுகர் நார்மலுக்கு வந்திருக்கே. என்ன சார் பண்ணீங்க?”

“நான் எங்க பண்ணேன்? எல்லாம் இவதான்” என்றார் கணவர். “கேக்கைக் கண்ணுலயே காட்டல. காபியில சர்க்கரை கிடையாது. விடிஞ்சா தரதரன்னு வாக்கிங் இழுத்துட்டுப் போயிடுவா.”

“யார் இதையெல்லாம் செய்யச் சொன்னது?”

“நீங்கதானே என்னைக் கன்ட்ரோல் குரூப்ல போட்டீங்க? அப்படின்னா என்னன்னு இவளைக் கேட்டேன். வாயைக் கட்டிக் கன்ட்ரோலா இருக்கணும்னு சொன்னா.”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ! புது மாத்திரை சாப்பிடுறவங்களோட ஒப்பிட்டுப் பார்க்க, எதையும் மாத்தாம எப்பவும்போல இருக்கிறவங்கதான் சார் கன்ட்ரோல் குரூப். அன்னைக்கே சொன்னேனே!”

“நீங்க மளமளன்னு சொன்னீங்க. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.”

“போங்க. இனிமே உங்களை ஆராய்ச்சியில வெச்சுக்க முடியாது.”

மனைவி முதல் ஆளாக எழுந்து நடந்தாள். வெளியே வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார்.

“அர்த்தம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? ஆறு மாசமா என் நாக்கைச் சாகடிச்சுட்டியே!”

“உங்க அண்ணனும் எப்பவும்போலத்தான் இருந்தார், ஹார்ட் அட்டாக்ல போற வரைக்கும்” என்றாள் மனைவி. “நேரமாச்சு, வண்டியை எடுங்க. காலேஜ்ல முதல் பீரியட் எனக்கு. இன்னைக்கு நான் நடத்தப்போற பாடமே கன்ட்ரோல் குரூப்தான்.”