சத்தமில்லாமல் வெடித்த விண்கலம்

பொத்தேரி பரோட்டாக் கடையில், தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த கைபேசித் திரையில், ஒரு விண்வெளித் தொடரின் புதிய சீசனில், விண்கலம் ஒன்று வெடிக்கிறது. திரை முழுக்கத் தீ. சத்தம் மட்டும் இல்லை. மேசையைச் சுற்றி நண்பர்கள் மூவரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். மாஸ்டர் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். சாமின் முகம் வெளிறுகிறது. சின்ன வயதுக் காய்ச்சலில் காது மங்கியவன். இந்தத் தொடரின் பழைய சீசன்களையெல்லாம் சப்டைட்டில் படித்தே பார்த்தவன். காது மெஷின் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அதைக் கழற்றி உதறி மறுபடி மாட்டுகிறான். "மெஷின் பூட்ச்சா மச்சான்? வெடிச்சது ஒண்ணியும் கேக்கல." ஜெபக்குமார் சிரித்துவிடுகிறான். "மெஷின் நல்லாத்தான் கீது. காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்டிடா வரும்? இந்த தபாதான் கரெக்டா எடுத்துகிறானுங்க." ஜெனிட்டா தட்டைத் தள்ளிவிட்டுப் பாய்கிறாள். "இன்னா கரெக்டு? இத்தினி சீசனா டமார்னு வெடிச்சிட்டு, இவன் கேக்க வந்தப்போ ஊமையாக்கிட்டானுங்க!" இருவரும் குரலை உயர்த்துகிறார்கள். பழக்கத்தில் அவர்கள் வாய்களை மாறிமாறிப் பார்க்கிற சாம், மெல்லக் கண்ணைத் தட்டுக்கு இறக்குகிறான். பார்க்காமலே சண்டை கேட்கிறது. கல்லில் கொத்து பரோட்டா ஆரம்பிக்கிறது. இரண்டு கரண்டிகளும் டகடகவென்று இரும்பில் இறங்க, தகரக் கூரை அதிர்கிறது. "அண்ணாத்த, கொஞ்சம் நிறுத்து! பேசறதே கேக்கல!" என்று கத்துகிறான் ஜெபக்குமார். மாஸ்டர் கையை நிறுத்துகிறார். சாம் எழுந்தே விடுகிறான். "நிறுத்தாத அண்ணாத்த. நீ கொத்து."