உரக்கச் சொன்ன ஓட்டு

வேல்ஸ் நாட்டின் மெரியோனித் தொகுதிக்கு அதுதான் கடைசித் தேர்தல். அதற்கப்புறம் தொகுதியையே கலைத்துவிட்டார்கள். தேவாலயக் கூடத்தில் நெஸ்டா வாக்குச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம், சேறு அப்பிய பூட்ஸோடு ஒரு விவசாயி உள்ளே வந்தார். நீட்டிய சீட்டை வாங்காமல், அந்தத் தேர்தலில் நிற்கவே நிற்காத ஒருவரின் பெயரை உரக்கச் சொன்னார்.

"வாயால சொல்லக் கூடாதுங்க. உள்ள போய்க் குறி போடுங்க," என்றாள் நெஸ்டா.

"நிலத்துக்காரரோட ஆளு காதுல விழணும்ல? போன தடவை பயந்துபோய் அவங்க சொன்ன பேரைச் சொல்லிட்டேன். எங்க அண்ணன் மாத்திச் சொன்னான். அவனைப் பொண்டாட்டி பிள்ளையோட வெளிய தள்ளிட்டு, அவன் குத்தகைப் பண்ணையையும் எனக்கே குடுத்தாங்க. நானும் வாங்கிக்கிட்டேன். இந்தத் தடவை அண்ணன் சொன்ன பேருதான்."

ஊரார் முன்னால் வாயால் ஓட்டுச் சொல்லும் வழக்கம் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நெஸ்டாவுக்கு வாதாட மனம் வரவில்லை.

"சரிங்க. கேட்டுச்சு," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நெஸ்டா ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. கட்டில், அலமாரி, தொட்டில் எல்லாம் அதில் ஏற்கெனவே ஏற்றிக் கட்டியிருந்தது. மேலே குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. சற்று நகர்ந்து இடம் விட்டாள்.