மூட்டை உப்பு

சரக்... சரக்... பிறகு சொர்ரென்று எதையோ கொட்டும் ஓசை.

இருட்டி, கடை சாத்திய பிறகு தோன் எவரிஸ்தோவின் மளிகைக் கடைக்குள் என்ன சத்தம்? ஒட்டுச்சுவருக்கு இந்தப் பக்கம் லியோனில்டே காதைச் சுவரில் வைத்தாள். கணவன் நிலக்கரிச் சுரங்கத்தில். வீட்டில் அவளும் ஆறு வயது யேனியும்தான்.

தூங்கும் மகளுக்குப் போர்த்திவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கடையின் பின்கதவைத் தள்ளினாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடைக்காரக் கிழவர் எவரிஸ்தோ சின்னச் சின்னப் பைகளைக் கத்தரித்து, ஊரே வாங்கும் உப்பு மூட்டைக்குள் வெள்ளையாக எதையோ கொட்டிக்கொண்டிருந்தார்.

"கலப்படமா பண்றீங்க! ஞாயிறு தவறாம முதல் வரிசையில முட்டி போடுற மனுஷன்!"

"கத்தாதே மகளே. இதுவும் உப்புதான்."

கீழே கிடந்த காலிப் பையை எடுத்தாள். பல் படம் போட்ட பாக்கெட்.

"ஃபுளோரைடு உப்பா? கன்னியர் மடத்துச் சமையலறையில கரப்பான் மருந்து டப்பாவுல இதே பேரைப் பார்த்திருக்கேன். விஷம்னு கோயில் வாசல்ல எல்லாருக்கும் படிச்சே காட்டினேனே!"

"காட்டினே. இந்த ஊர்ல கன்னியாஸ்திரிங்ககிட்டப் படிச்சவ நீ ஒருத்திதான். அன்னிலேருந்து இந்தப் பாக்கெட்டை எவனும் தொடலை. மாட்டுக்கு வாங்குற மூட்டை உப்பையே சமையலுக்கும் கேக்கறாங்க."

"அதுக்காக? தெரியாம ஊட்டுவீங்களா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. இந்த மூட்டையில மாட்டு உப்பு ஒரு கல்லுகூடக் கிடையாது."

"அப்ப என் யேனியும்..."

"யேனியும்தான். உக்காரு. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவை நூறு தடவை கேட்டுட்டேன். கரப்பான் மருந்துல அது டப்பா நிறைய. இதுல துளியூண்டு. அந்தத் துளி பல்லைக் காப்பாத்துதாம். போன வாரம் பள்ளிக்கூடத்துல பல் பார்த்தாங்களே, உன் மகளுக்கு எத்தனை சொத்தை?"

ஒரு சொத்தைகூட இல்லை. பாக்கெட் உப்பை வாசற்படி ஏற்றாததால்தான் என்று அவளே ஊரெல்லாம் பெருமையடித்திருந்தாள்.

கிழவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"என் மக ஒஃபெலியாவுக்குப் பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு நான் என்ன பரிசு கொடுத்தேன் தெரியுமா? பல்செட்டு. இருந்த பல்லெல்லாம் சொத்தை. மொத்தத்தையும் பிடுங்கிட்டு, ஊர் வழக்கம்தானேன்னு மாட்டிவிட்டேன். இன்னிக்கும் அவ வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறா."

லியோனில்டே கையிலிருந்த காலிப் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் செய்யறது சரின்னு சொல்லலை. சொல்லாம ஊட்டுறது திருட்டுத்தனம்தான். ஆனா நான் எடுத்துச் சொன்னா, யாவாரத்துக்குப் பேசறான்னு சிரிப்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு மகளே. இந்தக் கத்தரிக்கோலை அன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்."

அவள் எழுந்து நின்றாள்.

"சொல்றேன். மாதா மேல சத்தியமா, முதல்ல எதிர்ப்படற ஆள்கிட்டயே சொல்றேன்."

பின்வாசலில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. எதிர்வீட்டு பிரிஹிதா.

"என்னடி லியோனில்டே, தெருவுக்கே கேக்குற மாதிரி அப்படிக் கத்தினே? கிழவர் எடையில கையை வச்சுட்டாரா?"

தோன் எவரிஸ்தோ லியோனில்டேவையே பார்த்தார்.

படித்தவள். அவள் சொன்னால் ஊர் கேட்கும்; தப்பென்று ஒப்புக்கொண்டால் ஊரே சிரிக்கும். வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லடி. எலி ஓடிச்சு. நீ போய்ப் படு."

பல் படம் போட்ட பையைப் பாவாடை மடிப்புக்குள் திணித்துக்கொண்டு, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.