பச்சைக் கிளைகள்

"மறுபடியும் வெட்டிட்டாங்க, பெர்னிஸ்!"

எல்வின் போட்ட சத்தத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக் கரடிகள் இந்த வருஷம் குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னதாகவே போயிருக்கும்.

"மான் கடிச்சிருக்கும்," என்றாள் மனைவி பெர்னிஸ், அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

"மான் கத்தரி வச்சிருக்குமா? சலூன்ல வெட்டின மாதிரி இருக்கு!"

சனிக்கிழமை ஊரில் செடிப் போட்டி. நாலு வருஷமாக முதல் பரிசு ரிப்பன் எல்வினின் டாக்வுட் புதருக்குத்தான். பச்சை இலையைச் சுற்றி வெள்ளைக் கரை. குளிர் தொட்டதும் பச்சை சிவப்பாகும், கரை மட்டும் அப்படியே நிற்கும். தெற்கே போகிற வாத்துக் கூட்டம் அதைப் பார்க்கவே வழியை மாற்றிக்கொண்டு வருகிறது என்பது எல்வின் கட்சி.

"கொழுகொழுன்னு வளர்ற கிளையாப் பார்த்து வெட்டறாங்க. யாரு வேலைன்னு எனக்குத் தெரியும்!"

நாலு வருஷமாக இரண்டாம் பரிசு வாங்குகிறவள் பக்கத்து வீட்டு ஆர்லீன்.

மறுநாள் விடியலில் எல்வின் விறகடுக்குக்குப் பின்னால் பதுங்கினார். மீசையில் பனி உறைந்தது. ஆர்லீன் வந்தாள், கையில் கத்தரியும் கூடையுமாக.

"மாட்டினியா! தோத்த வயித்தெரிச்சலா அம்மணி? ஷெரீஃபைக் கூப்பிடறேன் இரு!"

"தாராளமாக் கூப்பிடு. முதல்ல கூடையைப் பாரு. ஒரு இலையிலயாவது வெள்ளைக் கரை இருக்கா?"

இல்லை. அத்தனையும் சுத்தப் பச்சை.

"இந்தச் செடியில அப்பப்ப இப்படி வெறும் பச்சைக் கிளை விடும், கிழவா. அதுதான் வேகமா வளரும். விட்டுவச்சா மொத்தப் புதரையும் முழுங்கிடும். அப்புறம் கரை ஏது, ரிப்பன் ஏது?"

எல்வினின் குரல் இறங்கியது. "எப்பலேருந்து வெட்டற?"

"நீ முதல் ரிப்பன் வாங்கின வருஷத்துலேருந்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? 'நல்லா வளர்றதைப் போய் வெட்டச் சொல்றா, பொறாமைக்காரி'ன்னு ஊரைக் கூட்டியிருப்ப."

எல்வின் மீசைப் பனியைத் தட்டிவிட்டார். ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"சும்மா விட்டிருந்தா முதல் பரிசு உனக்கு வந்திருக்குமே! உனக்கு என்ன பைத்தியமா?"

ஆர்லீன் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலைக் காட்டினாள்.

"என் செடி வாசல் பக்கம் இருக்கு. பாத்திரம் கழுவறப்ப எனக்குத் தெரியறது உன் செடிதான். ரிப்பனை நீயே மாட்டிக்கோ. தினம் பார்க்கிறவ நானு."