கூடப் போனவர்

காசிமேட்டில் விடிந்துகொண்டிருக்கிறது. சலோமியும் பச்சையம்மாவும் எப்போதும்போல அடுத்தடுத்த பலகையில் மீன் விற்கிறார்கள். உடைத்த ஐஸ் கரைந்து, டீசல் வாடையோடு இருவர் காலடியிலும் ஓடுகிறது. ஏலக்காரர் குரல் ஏறும்போதெல்லாம் பச்சையம்மா தலையைத் தூக்கி, உள்ளே நுழையும் படகுகளைப் பார்க்கிறாள். மழைக்காலத்தில் போன அவள் புருஷனின் படகு மட்டும் இன்னும் திரும்பவில்லை. அது கிளம்பிய அன்று சலோமிதான் ஜெபம் பண்ணின எண்ணெயை அதன் மூக்கில் சிலுவையாகத் தடவினாள். "பயப்படாத பச்ச, இயேசப்பா கூடவே போவாரு" என்றாள். படகு வராமல் போனபிறகு சலோமி யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசவில்லை. பச்சையம்மாவும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பச்சையம்மாவின் நெற்றியில் குங்குமம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

மீன் வாங்க வந்த ஒருத்தி குனிந்து, பலகை ஓரத்தில் ஈரச்சாக்குக்கு அடியில் இருக்கும் இரண்டு சங்கராவைத் தொடுகிறாள். "இது எவ்ளோ?"

"அது விக்கிறதுக்கு இல்லமா. வூட்டுக் கொழம்புக்கு எடுத்து வச்சது. என் வூட்டுக்காரரு வந்தா துன்ன வேணாமா?"

"ரெண்டுமா? ஒன்னக் குடேன்."

பச்சையம்மா சாக்கை இழுத்து மூடுகிறாள். "இன்னொன்னு, அவரு கூடவே போவாருன்னு சலோமி சொன்னாளே, அவருக்கு. ரெண்டு பேரும் பசியோட வருவாங்க. இன்னா சலோமி, வருவாங்கல்ல?"

சலோமியின் கத்தி பாதி மீனில் நிற்கிறது. பச்சையம்மா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கண்ணில் கேலியோ கோபமோ துளியும் இல்லை. அன்று சலோமியிடம் இருந்த விசுவாசம் முழுசாக இப்போது அங்கேதான் இருக்கிறது.