பதினான்காவது சாவு

பிணமாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலென்று திருச்சியிலேயே படுத்துவிட்டார்.

உடையார்பாளையத்து முந்திரித்தோப்பு வீட்டில் மற்றதெல்லாம் தயார். வாசலில் பெஞ்சு போட்டாயிற்று, மாலை வந்தாயிற்று, ஒப்பாரி வைக்க மீன்சுருட்டியிலிருந்து கலியம்மாள் எட்டுப் பெண்களோடு வந்திறங்கி டீயும் குடித்தாயிற்று. வெயில் இறங்க இன்னும் அரை மணி நேரம்தான். நாளை மாலை இந்தச் சாவு டிவியில் வந்தாக வேண்டும்.

யூனிட் மொத்தமும் டைரக்டர் குருநாதனைப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? ஒரு காலத்தில் சீரியல்களில் பதின்மூன்று தடவை செத்த மனுஷன். படுத்தால் வயிறு ஒரு நூல் அசையாது.

குருநாதனோ தன் மனைவி பூவிழியைப் பார்த்தார்.

கல்யாணமான புதிது. விக்கிரமங்கலத்து மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டிவியில் அவரைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறார், இவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சத்தியம் வாங்கினாள், இனிமேல் சாகக் கூடாது.

சாகாத வேஷம் அவருக்கு யார் தருவார்? அப்படித்தான் டைரக்டரானார், பிறகு தயாரிப்பாளரும் ஆனார். பேட்டிகளில் கலைத்தாகம் என்று சொல்லிக்கொள்வார். அதுவும் ஒரு நடிப்புதான்.

பதினொரு வருடமாகப் பூவிழியும் மானிட்டர் பக்கத்தில்தான் இருக்கிறாள். போன காட்சியில் யார் கையில் எந்த வளையல், எந்தப் பக்கம் வகிடு, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டை இப்போது மூடி வைத்தாள்.

"படுங்க. நான் கட் சொல்றேன்."

தாடையைக் கட்டினார்கள். நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார்கள். கலியம்மாள் குரலெடுத்ததும் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் போயின. ஷாட் நாற்பது விநாடி. அவள் தாங்குவாளா என்பதுதான் குருநாதனுக்குக் கவலை. ஷாட் போனால் போகட்டும், மறுபடியும் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன செய்வது?

"கட்."

கட் சொன்னதும் அபசகுனம் கழியப் பிணம் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், தொழிலில் அது கட்டாயம். குருநாதன் தாடைக்கட்டோடு சிரித்தார்.

பூவிழி சிரிக்கவில்லை. "வவுறு ஏறி ஏறி எறங்குதுங்க. மூச்சு நல்லாவே தெரியுது. இன்னொருதரம் போலாம்."

உதவி இயக்குநர் அசோக் திகைத்துப் போனான். சாருக்கா மூச்சு தெரிந்தது? வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

வயசும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே விட்ட மூச்சு அது.

பூவிழி எழுந்து வந்தாள். கலைந்திருந்த மாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"எனக்காக விட்டதெல்லாம் போதும். நல்லா அடக்குங்க. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

கலியம்மாள் மறுபடியும் குரலெடுத்தாள்.

குருநாதன் நிம்மதியாகச் செத்துப்போனார்.